கால் சுற்று

பிரேக் குழாயின் வாயை விரிப்பதற்கு முன்னால் அதை இறுக்கும் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்தபின் கோக்க முடியாது. இது பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். இருபது வருடமாகக் குழாய் வளைக்கும் மாமாவுக்கும் தெரியும். தெரிந்தவர்தான் மறப்பார். தெரியாதவன் பயந்து பயந்து பார்த்துச் செய்வான்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நானும் அவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். எங்கள் முதலாளி பல் டாக்டர். தெருப் பக்கம் அவருடைய மருத்துவமனை, கொல்லைப் பக்கம் தகரக் கொட்டகை. பழைய ராணுவ வண்டிகள் மேல் அவருக்குப் பைத்தியம். "முன்னாடி புடுங்குறதை எல்லாம் பின்னாடி கொண்டாந்து கொட்டுறாரு" என்பார் மாமா. அந்த வருடம் கொட்டகையில் நின்றது ஒரு ஜீப். ஏதோ ஒரு போருக்குப் போய்வந்து, எங்கோ ஒரு பண்ணையில் கோழி அடைத்துவைக்கும் கூடாக இருந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தது. கதவு கிடையாது. கை பிரேக் பேருக்குத்தான். கால் பிரேக்குக்கு நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே குழாய்வழி. எங்காவது ஓர் இடத்தில் எண்ணெய் கசிந்தால் நாலு சக்கரமும் நிற்காது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அக்கா எட்டாவதோடு நின்றாள், நான் படிப்பதற்காக. பட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஊர் ஊராக நேர்காணலுக்கு அலைந்தேன். மாமா டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னார், வேலை கிடைத்தது. தங்குவதும் அக்கா வீட்டில்தான். அந்த ஒரு வார்த்தையை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கேலிக்கு மட்டும் குறைச்சல் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை டாக்டரின் நண்பர்கள் நாலைந்து பேர் ஜீப்பைப் பார்க்க வந்தார்கள். மாமா என்னைக் கைகாட்டி, "இவங்கதான் நம்ம இன்ஜினியரம்மா. நாலு வருஷம் படிச்சு, நட்டை எந்தப் பக்கம் திருப்பணும்னு கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மத்தியானம் வரை வலித்தது.

அன்று மத்தியானமே வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் நீளக் குழாயைப் பிடிக்கும் கிளிப்புகளை மாட்டிக்கொண்டிருந்தேன். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் உள்பக்கம் கையை விட்டபோது குழாயில் ஒரு முடிச்சு தட்டியது. அந்த இடத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. டாக்டர் தந்திருந்த பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே நீட்டிப் பார்த்தேன். பித்தளை ஜாயின்ட். பல் வைத்தியம் பார்க்கும் நாற்காலியில், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வரும் மெல்லிய குழாய்க்குப் போடுவார்களே, அது.

பார்த்தவுடனே விஷயம் புரிந்துவிட்டது. மாமா இரண்டு முனையையும் விரித்து, அத்தனை வளைவும் வளைத்து முடித்த பிறகு பார்த்திருக்கிறார், ஒரு முனையில் நட்டு இல்லை. வேறு குழாய் வர ஒரு வாரம் ஆகும். நடுவில் நேராக ஓடும் இடத்தில் வெட்டி, அந்த வழியாக நட்டை விட்டு, வெட்டின இடத்தை இந்த ஜாயின்டைப் போட்டு இறுக்கியிருக்கிறார். தண்ணீரைத் தாங்கும் சாமான் அது. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது வரும் அழுத்தத்தை எவ்வளவு நாள் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள் குழாய் உருவிக்கொண்டு வரும்.

எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். வெள்ளிக்கிழமை ஜீப்பை லாரியில் ஏற்றிப் பழைய வண்டிகளின் கண்காட்சிக்கு அனுப்புவதாக இருந்தது; அதற்கு முன் வியாழக்கிழமை டாக்டர் முன்னால் கசிவுச் சோதனை. அதைச் செய்து தாளில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அப்போது ஒழுகட்டும். எல்லோரும் குனிந்து பார்க்கட்டும். யாருக்கு நட்டைப் பற்றித் தெரியவில்லை என்று அப்போது பேசலாம். கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமை குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினோம். நான் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, அவர் கீழே படுத்துச் சக்கரத்தில் இருக்கும் திருகைத் திறந்து மூடினார்.

"அழுத்து."

"அழுத்தியாச்சு."

"புடி."

"புடிச்சிருக்கேன்."

"விடு. மெதுவா விடும்மா. என் மேல இருக்கிற கோவத்தை எல்லாம் பெடல்ல காட்டாதே."

"உங்க மேல எனக்கென்ன கோவம்?"

"அதான் தினமும் உங்க அக்கா மூஞ்சில பாக்கிறேனே. ஒரே மூஞ்சியைத்தானே ரெண்டு பேரும் பங்கு போட்டு வச்சிருக்கீங்க. அழுத்து."

அழுத்தினேன். அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டேன்: "மாமா, பின்னாடி போற குழாய்ல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

கீழே ஸ்பானர் திருகிலிருந்து வழுக்கியது. "என் குழாயிலயா? போய் உங்க புத்தகத்துல பாரு, பிரச்சினைன்னா என்னன்னு போட்டிருக்கும்."

வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாயிற்று, இனி என் மேல் பழியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் கட்டை கொடுத்து, பெடலை அழுத்திய நிலையில் அரை மணி நேரம் நிறுத்தினோம். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் ஒரு துண்டுத் தாள் போட்டேன். அந்த இடத்துக்கு அடியில் இரண்டு. டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாமா தாள்களைப் பார்க்கவே இல்லை, தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

அரை மணி கழித்துத் தாள்களை எடுத்தேன். எல்லாம் காய்ந்திருந்தன. அந்த இரண்டும்.

"என்ன இன்ஜினியரம்மா, பாஸா ஃபெயிலா?" என்று கேட்டார் மாமா. குரலில் உயிர் திரும்பியிருந்தது.

'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

டாக்டர் கைதட்டினார். "அப்படின்னா நாளைக்கு லாரியில ஏத்த வேண்டாம். கண்காட்சிக்கு மலைப் பாதை வழியா ஓட்டிக்கிட்டே போவோம். எனக்கு முதுகு சரியில்லை, நீங்க ஓட்டுங்க. உங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க, எத்தனை நாள்தான் அடுப்படியிலேயே இருப்பாங்க?"

மாமாவின் முகம் ஒரு நொடி செத்து, மறுபடி பிழைத்தது. "சரிங்க" என்றார். சோதனையே சொல்லிவிட்டதே, இனி என்ன என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லியிருப்பார். எனக்கு அந்த நினைப்பு நன்றாகத் தெரியும். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அக்கா கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தாள். "கதவே இல்லாத வண்டியாமே, கண்ணுல தூசி விழும்ல?" என்று மாட்டிக் காட்டினாள். ஒரு கண்ணில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. "எப்படிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'அக்கா, போகாதே' என்று ஒரு வரி. ஆனால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் எப்போது பார்த்தாய் என்று கேட்பாள். செவ்வாய்க்கிழமை என்பது வாயை விட்டு வரவில்லை. பார்த்தவள் எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று முதலாளி கேட்பார். யோசித்து யோசித்து, படித்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் கொட்டகையைத் திறந்தேன். வண்டிக்கு அடியில் போய், ஒரு ஸ்பானரால் ஜாயின்டைப் பிடித்து, இன்னொன்றால் அதன் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். மேலே ஏறி மூன்று முறை பெடலை மிதித்தேன். குனிந்து பார்த்தேன். சொட்டியது. ஸ்பானர்களைத் துடைத்து அதனதன் இடத்தில் மாட்டினேன். இனி யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள், யாரும் சாக மாட்டார்கள், யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். இதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை.

மாமாவும் அக்காவும் சேர்ந்து வந்தார்கள். மாமா தொப்பி போட்டிருந்தார். தரையில் ஈரத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். எங்கிருந்து என்று தேடவில்லை. நேரே அந்த இடத்துக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

டாக்டர் வந்து குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டார். நிறைய நேரம் பார்த்தார். "இது என் நாற்காலி ஜாயின்ட் இல்ல?"

"ஆமாங்க. நான்தான் போட்டேன். நட்டைக் கோக்க மறந்துட்டேங்க."

ஒரு சாக்கும் சொல்லவில்லை. குழாய் கிடைக்க நாளாகும் என்றுகூடச் சொல்லவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ கையெழுத்துப் போட்டிருக்கியே. பார்க்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே வந்தார். "அவளுக்குத் தெரியாதுங்க. அவ கண்ணுல படக் கூடாதுன்னுதான் சட்டத்துக்கு உள்ள தள்ளி வச்சேன். பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டா, என் சட்டையைப் புடிச்சிருப்பா."

டாக்டர் தலையாட்டினார். "இனி பிரேக் வேலை அவ பாக்கட்டும். நீங்க சீட்டுக்குத் துணி தைக்கிறதைப் பாருங்க."

மூவரும் வீட்டுக்குத் திரும்பினோம். பேருந்தில் அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வீட்டில் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அக்காவிடம் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்: "மலை இறக்கத்துல போயிருந்தா? உன்னை உக்கார வச்சுக்கிட்டு நானே..." பிறகு என்னிடம், "நல்லவேளை இங்கேயே ஒழுகிடுச்சும்மா. உன் பேரைத்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

"நான் பார்த்தேன் மாமா. செவ்வாய்க்கிழமையே."

அவர் லேசாகச் சிரித்தார். "எனக்காகப் பொய் சொல்லாதே."

"கண்ணாடி விட்டுப் பார்த்தேன். பித்தளை. பக்கத்துல ரெண்டு கிளிப் நான் மாட்டினது. அது தானா ஒழுகலை. காலைல நான்தான் கால் சுற்றுத் தளர்த்தினேன்."

நம்புவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. நம்பியபின் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அக்காதான் கேட்டாள்.

"அவரு மானத்துக்குப் பயந்து மறைச்சாரு. நீ எதுக்குடி?"

"வியாழக்கிழமை டாக்டர் முன்னாடி மாட்டட்டும்னு."

"மாட்டி?"

பதில் என்னிடம் இருந்தது. அவர் என்னைக் கேலி செய்தார் என்பதுதான் பதில். அந்த அறையில் அதைச் சொல்ல முடியவில்லை.

மாமா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டர்கிட்ட சொல்ல வேண்டாம். அவ வேலையாவது இருக்கட்டும்."

"சொல்லட்டும்" என்றாள் அக்கா. "போகட்டும் அந்த வேலை."

அன்றே போய்ச் சொன்னேன். பல்வலிக்காரர்கள் மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள், அவர்களுக்கும் கேட்டிருக்கும். டாக்டர் கையுறையைக் கழற்றாமலே கேட்டார். "அவர் தப்புப் பண்ணிட்டு மறைச்சாரு. நீ தப்பைப் பார்த்துட்டு, எப்படா மாட்டுவாருன்னு உக்காந்திருந்தே. திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

புதுக் குழாய் வந்ததும் பிரேக் வேலையை மறுபடி மாமாவிடமே கொடுத்துவிட்டார் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். மாமா சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை, வீட்டை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. இரவு தட்டு வைத்ததும் நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் அக்காவின் பக்கம் திரும்பி, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்பார்.