என்ஜினுக்குள் ஆடிய விடியல்

கமருஸ்ஸமான் விமான என்ஜினைப் போனில் கேட்டே அதன் வயதும் வியாதியும் சொல்லிவிடுவார். அதோடு விட்டாலாவது பரவாயில்லை, கடைசியாக அதைக் கழற்றினவன் இடக்கையனா என்றும் சொல்லுவார். முப்பத்தொரு வருஷம் பாரிஸ் பக்கத்துப் பட்டறையில் என்ஜின் தகடுகளைத் தட்டித் தட்டிக் கேட்ட காது அது. கருவடிக்குப்பம் ஊரே தலையாட்டும். “புளுகு பாய், புளுகு!” என்று முகத்துக்கு நேரே சொன்னவர் எதிர்வீட்டுச் சக்கரபாணி ஒருவர்தான். ரிட்டயரான பிரெஞ்சு வாத்தியார்.

அன்று மத்தியானம் இருவரும் கமருஸ்ஸமான் வீட்டில் டீ குடிக்கையில் அவர் மகள் ஃபரீஹா சென்னையிலிருந்து வீடியோ கால் போட்டாள். விமானப் படிக்கட்டில் நின்றிருந்தாள். “அத்தா, பாரிஸுக்கு ஏறப்போறேன்.”

பின்னால் காற்றில் என்ஜின் விசிறி சும்மா சுற்றியது. டிக், டிக், டிக், டொக்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தகடுகள் காற்றில் சலங்கை மாதிரிக் குலுங்குவது வழக்கம்தான். இந்த ‘டொக்’ வழக்கமில்லை. அடியில் விரிசல் விட்ட தகடு ஒன்று, மேலே போய்ப் பிய்த்துக்கொண்டால் பீரங்கிக் குண்டுதான். அதைப் பிடிக்கத்தான் சுற்றிலும் கெட்டியான உறை வைக்கிறார்கள். எல்லா உறையும் பிடித்ததில்லை.

“விமானப் பணிப்பெண்ணுகிட்ட போனைக் குடும்மா!” ‘ஓப்’ ஆடுகிறது என்று பிரெஞ்சில் கத்தினார். பட்டறையில் ஓப் என்றால் என்ஜின் தகடு. மற்றவர்களுக்கு விடியல்.

“ஒரு மணிக்கு விடியல் ஆடுதா?” சக்கரபாணி போனைப் பிடுங்கினார். “மன்னிக்கணும் மதாம், வயசானவர், விடியலைப் பத்தி உளர்றார்” என்று இலக்கண சுத்தமான பிரெஞ்சில் காரியத்தைக் கெடுத்தார். பணிப்பெண் சிரித்தபடி போனை ஃபரீஹாவிடம் கொடுத்துவிட்டாள்.

கமருஸ்ஸமான் திருப்பிப் பிடுங்கினார். “ஏறாத! படியிலயே உக்காரு. மெக்கானிக் வந்து பாக்கற வரைக்கும் எழுந்திரிக்காத!”

“அத்தா, பின்னாடி எல்லாரும் திட்டறாங்க!”

“திட்டட்டும். உக்காரு!”

இணைப்பு அறுந்தது. வாசலுக்கும் கூடத்துக்கும் அவர் நடந்த நடைக்குத் தவளக்குப்பம் போய் மூன்று தரம் திரும்பியிருக்கலாம்.

“பாய், பொண்ணைப் போலீஸ் புடிக்கப்போவுது” என்றார் சக்கரபாணி. அவர் குரலும் இறங்கியிருந்தது.

முக்கால் மணி கழித்துப் போன் அடித்தது. “அத்தா! மெக்கானிக் வந்து டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. ஒரு தகட்டோட அடியில விரிசலாம். எல்லாரையும் இறக்கிட்டாங்க.”

கமருஸ்ஸமான் சுவரில் சாய்ந்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

சத்தம் கேட்டுச் சக்கரபாணியின் மனைவி ஹேமலதா எட்டிப்பார்த்தாள். “என்னங்க, பாய் மறுபடியும் கதை விடறாரா?”

“கதையில்ல ஹேமா” என்றார் சக்கரபாணி. “நடந்துச்சு. நான்தான் நடுவுல பூந்து கெடுக்கப் பாத்தேன்.”