தண்ணீரும் விலக்கிய நோன்பு

பொதிகையின் உச்சியில் இரவெல்லாம் படுத்துக் கிடந்த முகில்கள் கதிரவன் வரவறிந்து பைய எழுந்து விலக, பாறைதோறும் தாவி இறங்கிய பொருநையாறு, விக்கிரமசிங்கபுரத்து நூலாலையின் காலைச் சங்கொலியைக் கேட்டும், வாழைத் தோட்டங்களின் வேர்களை நனைத்தும், கால்வாய்தோறும் தன்னைப் பகுத்துக் கொடுத்தும், நெல்லை மாநகரின் பாலத்தடியில் சற்றே நடை தளர்ந்து, ஸ்ரீவைகுண்டத்து அணையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வைகாசித் திங்களின் விடியற்பொழுது அது. இவ்வாற்று நீரைக் குடித்து வளர்ந்தோர்க்கு ஒரு பெருமிதம் உண்டு. அயலூர் சென்று எதைக் குடித்தாலும் முகஞ்சுளித்து, எங்கள் ஊர்த் தண்ணீர் போல வருமா என்று கேளாதிருக்க அவர்களால் இயலாது. வந்தவர்க்கெல்லாம் கேட்குமுன்னே செம்பில் நீர் நீட்டும் நற்பழக்கமும் அவர்க்கு உண்டு. கற்றறிந்த நண்பரே, அந்த நற்பழக்கமே இக்கதையில் ஓர் இளம்பெண்ணை இடறச் செய்தது.

அவள் பெயர் சுகிர்தா, அகவை பதினேழு. பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு, நெல்லையில் ஆற்றுக்கு அணித்தாய் நின்ற ஓர் அறநிலைய மருத்துவமனையில் ஊதியமின்றித் தொண்டு செய்ய வந்து இருபத்திரண்டு நாட்கள் கழிந்திருந்தன. வெண்துணிகளை மடிப்பதும், நடக்கவியலாதோரைச் சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்வதும், கட்டில்தோறும் குவளைகளில் நீர் நிரப்பி வைப்பதும் அவளுக்கு வகுக்கப்பட்ட பணிகள். தலையணையைத் திருப்பி வைத்த மாத்திரத்தில் நோயாளியின் முகம் தெளிவதைக் காணும்போது அவளுக்கு உண்டான மகிழ்ச்சி, தேர்வில் முதலிடம் பெற்ற நாளிலும் உண்டானதில்லை. செவிலியாவதன்றி வேறெதையும் அவள் வேண்டவில்லை.

தந்தை சிவசங்கரனோ அதனை வேண்டவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பதாண்டுகளாய்ப் பதிவேடுகளைக் காத்து வந்த அவர், நீறு துலங்கும் நெற்றியும் நேர்கோடு போன்ற நடையும் உடையவர். தம் குடியில் எவரும் செய்யாத வேலையைத் தம் மகள் செய்வதை அவர் மனம் ஏற்கவில்லை. மகள் அழுது அடம்பிடித்தபோது ஓர் உடன்பாட்டுக்கு மட்டும் இசைந்தார்.

"ஒரு மாசம் போயிப் பாரு. ஒம்மேல ஒரு குறையும் எழாம முடிச்சேன்னா விண்ணப்பத்துல நான் கையெழுத்துப் போடுதேன். ஒரு குறை வந்தாலும் வணிகவியல்தான், பொறவு பேச்சே கிடையாது" என்றார்.

இன்னும் எட்டே நாட்கள். குறையென்று சொல்ல எதுவும் எழவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் காலையில், சன்னலோரக் கட்டிலில் தேவமணி என்னும் அம்மையார் அறுவைக்குக் காத்திருந்தார். பித்தப்பையில் கல். திசையன்விளைக்கருகே, செம்மண் மேட்டில், உவர்நீர்க் கிணறுகளுக்கு நடுவே ஐம்பதாண்டு வாழ்ந்தவர், வாய் ஓயாதவர். அன்று மட்டும் அவர் வாய் உலர்ந்து கிடந்தது.

"எம்மா, நாக்கு ஒட்டுது. ஆத்துக் கரையில வந்து படுத்தும் எனக்கு ஒரு வாய் ஆத்துத் தண்ணிக்கு வழியில்லியா?" என்றார்.

அவர் உண்ணாதிருக்க வேண்டும் என்பதைச் சுகிர்தா அறிவாள். ஆயினும் அவள் அன்னை ஆண்டுதோறும் முருகனுக்குரிய சட்டி நோன்பில் ஆறு நாள் உணவைத் தொடாமல் நீரருந்தியே கிடப்பதைக் கண்டு வளர்ந்தவள் அவள். நோன்பென்றால் சோறில்லை, தண்ணீருக்கு என்ன தடை? முந்தைய நாள் தலைமைச் செவிலி மைதீன் பாத்திமா அறுவைக்கு முன் நீரும் ஆகாதென்பதைத் தொண்டர்க்கு விளக்கியபோது, குருதி ஆய்வுக்கூடத்துக்குத் தாள் கொண்டு சென்றிருந்த அவள் அதைக் கேட்கவும் இல்லை. நாவறண்டவர்க்கு நீர் மறுப்பதினும் பெரிய பாவம் இல்லையென்றே எண்ணி, அம்மையாரின் தலையைத் தாங்கிப் பிடித்து ஒரு குவளை நீரை ஊட்டினாள். அவர் சொட்டு மீதமின்றிக் குடித்து, "நல்லா இருப்பே மக்ளே" என்று வாழ்த்தினார்.

அடுத்த அரை நாழிகைக்குள் மைதீன் பாத்திமா வந்து, "விடிஞ்சதுல இருந்து தண்ணி கிண்ணி ஏதும் குடிச்சியளாம்மா?" என்று வினவினார்.

சுகிர்தாவின் முகம் வெளிறியது. அதனைக் கண்டுகொண்ட தேவமணி, சற்றும் தயங்காமல், "இல்லியே" என்றார். செவிலி திரும்பித் தாளில் குறித்துக்கொள்ளத் தொடங்க, "நீ பயப்படாத. நான் மூச்சு விட மாட்டேன்" என்று முணுமுணுத்தார்.

சுகிர்தா செவிலியின் பின்னே வாயில் வரை சென்றாள். "அக்கா, தண்ணி குடிச்சா என்ன ஆவும்?"

"மயக்கம் குடுக்கையில வயித்துல கெடக்கது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிரும். ஆளு பொழைக்கதே பாடு" என்றார் அவர், எழுதும் தாளினின்று கண்ணெடுக்காமல்.

எட்டு நாட்கள். வாய் மூடியிருந்தால் போதும். கண்டவர் எவருமில்லை, குடித்தவரே இல்லையென்று சொல்லிவிட்டார். ஒரு குவளைதானே, ஒன்றும் ஆகாது என்று ஓர் எண்ணம் அவளுக்குள் ஆறுதல் சொல்ல, அதற்கு இணங்கிவிட அவளும் ஆசைப்பட்டாள், அதை மறைப்பானேன்? ஆனால் அறுவைக்கூடத்துத் தள்ளுகட்டிலின் சக்கர ஒலி நடைவழியில் நெருங்கி வந்தபோது அவள் வாய் தானே திறந்தது.

"நான் குடுத்தேன்க்கா. முழுக் குவளை. இப்பம்தான்."

அறுவை நின்றது. வேற்றூரிலிருந்து வரும் மருத்துவர் அன்று காத்திருக்க இயலாமல், இனி வெள்ளியன்றுதான் வருவார் என்றாயிற்று. வேலைக்கு விடுப்புச் சொல்லி வந்திருந்த தேவமணியின் மகன் ஹெப்ரான் கொதித்தெழுந்து, எழுத்தில் குறை பதிந்தாலன்றி நகரேன் என்று நின்றான். அவன் சினத்தில் பிழையில்லை. மைதீன் பாத்திமா அதனை அவ்வண்ணமே எழுதினார். பின்பு விம்மி நின்ற பெண்ணைத் தனியே அழைத்தார்.

"ஒங்க வீட்டு விரதத்துல தண்ணி உண்டு. எங்க நோன்புல தண்ணியும் கிடையாது. ஆப்பரேசனுக்குப் படுத்திருக்கவுகளுக்கு எங்க நோன்புதான். தெரிஞ்சுக்க. இப்பம் வீட்டுக்குப் போ."

செய்தி கேட்டு மகளை அழைத்துப்போக நண்பகலில் வந்த சிவசங்கரன் அத்தாளை இருமுறை படித்தார். "இதை யாரு பாத்தது?" என்று செவிலியைக் கேட்டார்.

"யாரும் பாக்கல."

"பொறவு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒங்க மகதான் சொன்னா. குடிச்சவுகளே இல்லன்ன பொறவு சொன்னா."

அவர் மகளை அழைத்துக்கொண்டு நடந்தார். பாலத்தின் நடுவே ஒருகணம் நின்று, "சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார். "ஆமாப்பா" என்றாள் அவள். அன்றும் மறுநாளும் சுகிர்தா சோற்றை அளைந்துவிட்டு எழுந்தாள், சிவசங்கரனும் அப்படியே.

வெள்ளிக்கிழமை மாலை வாயிலில் வந்து நின்றவன் ஹெப்ரான். கொதித்த வாய் அன்று குழைந்தது.

"அண்ணாச்சி, அம்மைக்கு நல்லபடியா முடிஞ்சிட்டு. இப்பம் தண்ணி குடுக்கலாம்னு சொல்லியும் குடிக்க மாட்டேங்காவ. அந்தப் பிள்ளை வந்து குடுத்தாத்தான் ஆச்சாம். அன்னைக்கு அது வாயத் தொறக்கலன்னா..." என்று தொடங்கியவன் முடிக்க மாட்டாமல் தலைகவிழ்ந்தான்.

சிவசங்கரன் சட்டையை மாட்டிக்கொண்டு மகளோடு தாமும் சென்றார்.

கட்டிலில் சோர்ந்து கிடந்த தேவமணி அவளைக் கண்டதும் உலர்ந்த உதட்டைத் திறந்தார். சுகிர்தா குவளையைக் கையிலெடுத்தாள். எடுத்தவள் அதனை அவர் வாயருகே கொண்டுசெல்லாமல், திரும்பி மைதீன் பாத்திமாவைப் பார்த்தாள்.

"குடுக்கலாமாக்கா? எவ்வளவு?"

"ரெண்டு கரண்டி."

எண்ணி இரண்டு கரண்டி ஊட்டினாள். "இன்னும் கொஞ்சம் தா மக்ளே" என்று அம்மையார் கெஞ்சினார். அவள் கண்கள் கலங்கின, கை அசையவில்லை.

"பொறவு தாரேன்" என்று சொல்லி, நனைத்த பஞ்சால் அவர் உதட்டை ஒற்றியெடுத்தாள்.

வாயிலில் நின்று இதையெல்லாம் பார்த்திருந்த சிவசங்கரன், தம் சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த தாளொன்றை எடுத்தார். மூன்று நாட்களாய் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அவரோடு போய்வந்துகொண்டிருந்த அந்த விண்ணப்பம் மடிப்புகளில் நைந்திருந்தது. சன்னல் திண்டில் அதை வைத்து, செவிலியிடம் எழுதுகோல் வாங்கினார்.

"முப்பது வருசமாப் பதிவேடு பாக்கேன். தன் தப்பத் தானே சொல்லி எழுத வச்ச ஆளு ஒருத்தரையும் நான் பாத்ததில்ல" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

ஆண்டுகள் ஆறு கடந்தன. இன்று அந்நெல்லையிலேயே செவிலிச் சீருடையில் நடக்கும் சுகிர்தாவிடம், அறுவைக்குக் காத்திருப்போர் அன்றாடம் நீர் கேட்கின்றனர். கேட்டவர்க்குக் கொடுத்தல் அறமென்று ஆறு நமக்குக் கற்பித்தது. கொடுக்கலாகாத பொழுதில் கேட்டவர் கையைப் பற்றிக்கொண்டு கூடவே இருத்தலும் அறமே என்பதை அவள் ஒரு குவளை நீரால் கற்றாள். நனைத்த பஞ்சால் அவர்கள் உதட்டை ஒற்றிவிட்டு, அவள் அருகில் அமர்கின்றாள்.