முருகன் படத்துக்குப் பின்னால்

சிங்காரத்தின் படகில் ஓட்டை இருப்பது கடலூர் முதுநகரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருத்தர்தான், அவர் மனைவி அமராவதி.

படகு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். முப்பது வருஷம் கடலுக்குப் போய்வந்து, இனி ஆகாது என்று ஓனர் கைகழுவிய மர விசைப்படகு. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய சிங்காரம், வீட்டுக்கு மாடி எடுப்பார் என்று உறவு முழுக்கக் காத்திருந்தபோது இதை வாங்கினார். காடாம்புலியூரில் முந்திரிக்கும் பலாவுக்கும் நடுவே வளர்ந்தவர். பதினெட்டு வயசு வரை அவர் இறங்கிப் பார்த்த ஆழமான தண்ணீர் பம்புசெட் தொட்டிதான். இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், "வந்துடுச்சு" என்பார், சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோல.

உப்பனாற்றங்கரையில் கட்டிப்போட்டு, மேல்தளத்தில் சமையலுக்கு இடம் பண்ணினார். கீழே மீனுக்கு ஐஸ் போட்டு அடுக்கும் அறை, படுக்கையறை ஆனது. கட்டில், ஃபேன், அலமாரி எல்லாம் உண்டு. வெயில் ஏறினால் மட்டும் சுவரிலிருந்து பழைய கவளை மீன் வாசம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வாரத்தில் ஐந்து நாள் படகில், ரெண்டு நாள் சிதம்பரத்தில் என்று நாலு வருஷம் ஓடிவிட்டது.

பள்ளிக்கூட டீச்சரான அமராவதி முதல் வருஷமே சொல்லியிருந்தார். ரிட்டயர் ஆனதும் நானும் வந்து இருக்கிறேன், ஒரே நிபந்தனை, கால் நனையக் கூடாது. முப்பத்துமூணு வருஷம் ஒழுகுகிற கிளாஸ் ரூமில் நின்றே பாடம் நடத்தியாச்சு, வீட்டிலும் முடியாது என்றார். அந்த ரிட்டயர்மென்ட் இந்த மே மாசம் வந்தேவிட்டது.

ஓட்டை அதற்கு இரண்டு வருஷம் மூத்தது. ஐஸ் அறையின் இடதுசுவரில், வெளியே ஆற்று மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, ரெண்டு பலகை சேரும் இடத்தில் கசிவு. முதலில் வியர்வை மாதிரி இருந்தது. பிறகு சளி பிடித்த மூக்கு மாதிரி. சரிபண்ண சிங்காரம் தயாராகத்தான் இருந்தார். ஆனால் ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஐப்பசியில் மழை. கார்த்திகையில் புயல் எச்சரிக்கை. மார்கழி ஆகாது. தையில் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் போகவே தை முடிந்துவிடும். சித்திரை வெயிலில் மரத்தைப் பிரித்தால் வெடிக்கும் என்று தானாகவே ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டார். அதற்குள் மறுபடி ஆடி.

சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. திரைச்சீலை தைத்தார். ஏணிக்கு நீலப் பெயின்ட் அடித்தார். யாருமே வராத படகுக்குக் காலிங் பெல் வைத்தார்.

உண்மையில் அவருக்குப் பயம். படகு ஆசாரி கலியமூர்த்தி வந்து பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது படகு இல்ல, விறகு" என்று சொல்லிவிட்டால்? சொல்லாதவரைக்கும் அது படகு. அதனால் கலியமூர்த்தியின் பட்டறை இருக்கும் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டார். திருப்பாதிரிப்புலியூருக்குப் பஸ் ஏறக்கூட அரை கிலோமீட்டர் சுற்றிப் போனார்.

அமராவதி வரப்போகிறார் என்று உறுதியானதும், சிங்காரத்துக்கு ஒரு யோசனை உதித்தது. எதிர்ச்சுவரில் இருந்த சாமி அலமாரியைப் பெயர்த்து ஓட்டைக்கு முன்னால் அடித்தார். இத்தனை நாள் கசிவைத் துடைத்துவந்த பழந்துணியை இடுக்கில் திணித்து, அதன்மேல் பெரிய முருகன் படத்தைச் சாய்த்தார். சாமியை யார் நகர்த்துவார்கள்? தன் புத்தியை மெச்சிக்கொண்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

ஆனி மாசக் கடைசி வெள்ளிக்கிழமை காலை, ஒரு பெட்டியும் தலையணையுமாக அமராவதி வந்து இறங்கினார். காலிங் பெல்லை அழுத்திப் பார்த்துச் சிரித்தார். நீல ஏணி பிடித்திருந்தது. கவளை வாசத்தைக்கூட, ஊதுவத்தி ஏத்தினா போயிடும் என்று மன்னித்துவிட்டார். சிங்காரம் காபி போட்டுக் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாகவே போனது.

வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைத்துப் பொட்டு வைக்காமல் அமராவதி ஒருநாளும் சாப்பிட்டதில்லை. முப்பது வருஷமாக அதே வீட்டில் சாப்பிட்ட சிங்காரத்துக்கு அது எப்படி மறந்தது என்று இன்றைக்கும் அவருக்கு விளங்கவில்லை.

"நான் நேத்தே துடைச்சிட்டேன்" என்றார் அவசரமாக.

அவர் துடைத்த லட்சணத்தை எத்தனையோ வருஷமாகப் பார்த்தவர் அமராவதி. முருகனைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு இறக்கிக் கட்டிலில் வைத்தார். பின்னால் சுவரில், பலகை இடுக்கிலிருந்து மாம்பழ நிறத்தில் ஒரு துணி நுனி நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பச்சைக் கரை.

"இது என் சுங்குடிப் புடவ. ரெண்டு வருஷமா தேடறேன்" என்று சொல்லிக்கொண்டே அமராவதி பிடித்து இழுத்தார்.

தொலைந்த புடவை கிடைத்தால் எந்தப் பெண்ணும் இழுக்கத்தான் செய்வாள். புடவையோடு உப்பனாறும் வந்தது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி அடித்த தண்ணீர், ஊதுவத்தியை அணைத்து, குங்குமக் கிண்ணத்தைக் கவிழ்த்து, கட்டில்மேல் இருந்த முருகன் வரைக்கும் போனது. சிங்காரம் பாய்ந்து உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விரல் இடுக்கெல்லாம் பீய்ச்சியது.

அமராவதி புடவையை நாலாக மடித்தார், சிங்காரத்தின் கையை விலக்கினார், மடித்த துணியை வைத்துத் தன் முதுகைச் சுவரோடு சேர்த்து உட்கார்ந்துகொண்டார். கணுக்கால் வரை சிவப்புத் தண்ணீர்.

"சாமியக் காவலுக்கு வெச்சிட்டுத் தூங்கிருக்கீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சிங்காரத்தைக் கொன்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ வரமாட்டியோன்னு…"

"போய் ஆசாரியக் கூட்டிட்டு வாங்க. நான் புடிச்சிட்டிருக்கேன்."

ரெண்டு வருஷமாகச் சுற்றிப் போன தெருவில் சிங்காரம் நேராக ஓடினார், அறுபத்திரண்டு வயசில், செருப்பில்லாமல். கலியமூர்த்தி உளியைக் கீழே வைத்து, "வந்துட்டீங்களா சார்? போன வருஷமே எதிர்பாத்தேன்" என்றார்.

முதலில் வெளிப்பக்கம் தார்த்துணியும் பலகையும் வைத்து அடித்துத் தண்ணீரை நிறுத்தினார். அமராவதி முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். பிறகு கலியமூர்த்தி சின்னச் சுத்தியலால் அறை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு தட்டுக்கும் நின்று கேட்டார். சிங்காரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டுக்கு நிற்பவர் மாதிரி அவர் முகம் இருந்ததை அமராவதி பார்த்தார். இவர் ஏன் இத்தனை நாள் ஆசாரியைக் கூப்பிடவில்லை என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"மூணு பலக போச்சு" என்றார் கலியமூர்த்தி. "அப்பவே வந்திருந்தா ஒண்ணோட முடிஞ்சிருக்கும். மிச்ச மரமெல்லாம் உங்களவிட கெட்டியா இருக்கு சார்."

சிங்காரம் அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

படகைக் கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். நன்றாகக் காய்ந்த பலாப்பலகை வேண்டும் என்றார் ஆசாரி. காடாம்புலியூரில் ‘தானே’ என்று பேர் வைத்த புயலில் விழுந்த பலாமரத்தை அறுத்து, கட்டில் செய்யப்போவதாகச் சொல்லிச் சிங்காரத்தின் அண்ணன் தன் கொட்டகையில் அடுக்கியிருந்தார். கட்டிலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. தள்ளிப்போடுவது குடும்ப வழக்கம் என்று அமராவதி குறித்துக்கொண்டார். பலகை வண்டியேறி வந்தது.

அமராவதி சிதம்பரத்துக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் சிங்காரம் நினைத்தார். போகவில்லை. தரையில் நிற்கும் படகில் கால் நனைய வழியே இல்லை, என் நிபந்தனைக்கு இதுதான் சரி என்று, லேசாகச் சாய்ந்த கட்டிலிலேயே மூணு வாரம் படுத்தார். பகலில் சிங்காரம் பலகை பிடிக்க, ஆசாரி இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திணித்து அடிக்க, அமராவதி விட்டுப்போன இடங்களைக் காட்டிக்கொடுத்தார். அதில் அவருக்கு முப்பத்துமூணு வருஷ அனுபவம்.

வேலை முடிந்தபோது ஆடி பிறந்து பாதி ஆகியிருந்தது. ஆவணி வரட்டுமே என்று சிங்காரம் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். ஆடிப்பெருக்கன்னிக்குத் தண்ணியில எறக்காம வேற என்னைக்கு எறக்கறது என்று கலியமூர்த்தி கேட்டார். சிங்காரம் கயிறு தேடப் போனார்.

பதினெட்டாம் பெருக்கு அன்று காலை படகு உப்பனாற்றில் இறங்கியது. புதுப் பலகை ஊறி அடைத்துக்கொள்ளும்வரை ரெண்டு நாள் கசியும், பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு ஆசாரி கிளம்பினார். சொன்னபடியே இடதுசுவர் மெல்ல வியர்த்தது. தரையில் தண்ணீர் பரவியது. சிங்காரம் முருகன் படத்தைக் கையில் எடுத்தார்.

"எதிர்ச் சுவத்துல மாட்டுங்க" என்றார் அமராவதி. "இந்தச் சுவரு நம்ம கண்ணு முன்னால இருக்கட்டும்."

மாட்டினார். பிறகு அமராவதியின் காலைப் பார்த்தார். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார், பாதம் முழுக்க ஈரம்.

"கால் நனையக் கூடாதுன்னு சொன்னியே, அமரா. ரெண்டு நாளைக்குச் சிதம்பரம் போயிட்டு வேணா வா."

"அது நீங்க மறைச்ச தண்ணி. இது சொல்லிட்டு வர்ற தண்ணி" என்று சுங்குடிப் புடவையில் பாதியைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார். "நீங்க அந்தப் பக்கத்துலேருந்து துடைச்சிட்டு வாங்க."