பாத்ரூமைக் கழுவியது யார்

"இதுதான் கக்கூஸ்" என்று ராயப்பன் சார் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டியபோது வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனந்தராஜுக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், நிலக்கடலை மண்டி ஒன்றின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். கீழே மூட்டை உதறினால் தூசி மேலே வந்து எல்லார் தலையிலும் இறங்கும். ராயப்பன் சார் மஸ்கட்டில் பெரிய ஓட்டல் ஒன்றில் வருஷக்கணக்காக அறைகளைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பியவர். அவர் கற்றுக்கொடுத்தது வேலையை அல்ல, வேலைக்கான இங்கிலீஷை. அழுத்தித் தேய்த்தால் ஸ்க்ரப். தண்ணீர் விட்டு அலசினால் ரின்ஸ். துணியால் துடைத்தால் வைப். தூசி தட்டினால் டஸ்ட். ஓட்டல்காரர் வாசலில் நின்று இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்பார். கை நிற்காமல் வாய் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் இன்டர்வியூ. ஆனந்தராஜ் நாற்காலியின் முன்னால் குனிந்து, வெறுங்கையால் காற்றைத் தேய்த்து, "ஐ ஆம் ஸ்க்ரப்பிங் தி பௌல்" என்றான். "சத்தமா சொல்லு. வெக்கப்பட்டா வேலைக்கி ஆவாது" என்றார் சார்.

வெட்கப்படாமல் எப்படி? கூட்டேரிப்பட்டுப் பக்கம் உள்ளே போனால் பாண்டுரங்கன் வீடு என்றால் எவரும் கைகாட்டுவார்கள். அந்தப் பாண்டுரங்கனின் ஒரே மகன் அவன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு கிணறும் போய்ச் சேர்ந்தது. இரண்டு இடத்தில் போர் போட்டும் புகைதான் வந்தது. நிலம் இருந்தது, பேர் இருந்தது, வருமானம்தான் இல்லை. இத்தனை வயதில் ஆனந்தராஜ் தன் வீட்டில் துடைப்பத்தைத் தொட்டதில்லை. அது எந்த மூலையில் சாத்தியிருக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிற ஆள். அவன் போய் வளைகுடாவில் ஊரான் கக்கூஸைக் கழுவப்போகிறான் என்று தெரிந்தால் அம்மா லட்சுமியம்மாள் தூக்கில் தொங்குவாள், அல்லது தொங்குவேன் என்று தெருவே கேட்கச் சொல்வாள். இரண்டாவதற்குத்தான் அவன் அதிகம் பயந்தான். அதனால் ஓட்டலில் சூப்பர்வைசர் வேலை, அதற்கு இங்கிலீஷ் கோர்ஸ் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தான்.

வீட்டிலும் அவன் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் அவன் மனைவி பானுப்ரியா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது அவளைப் பார்த்துக்கொண்டே "ஷீ ஈஸ் ஸ்வீப்பிங்" என்றான்.

"இன்னா முணுமுணுன்னுக்கினு இருக்கீங்க?"

"நாளைக்கி எங்கீழ வேல செய்றவங்ககிட்ட வேல வாங்கணும்ல. பேரு தெரியாம எப்பிடி வாங்கறது?"

"இங்க பேரு தெரிஞ்சா வாங்கிக்கினு இருக்கீங்க?" என்று சிரித்தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். அவன் சொல்லும் வார்த்தைகளைத் திருத்தக்கூடச் செய்தாள். மாப்புக்கும் வைப்புக்கும் என்ன வித்தியாசம் என்று அவள்தான் தரையையும் சன்னலையும் காட்டிச் சொன்னாள். பாவம், புருஷன் பத்துப்பேரை மேய்க்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். அவன் அடுத்த வார்த்தையைக் கேட்டான்.

வகுப்பில் அவனுக்கு இருந்த பெரிய தலைவலி தென்னரசு. அதே ஊர்தான், காலனி. ஜெயத்தின் மகன். ஜெயம் இன்றைக்கும் ஆனந்தராஜின் நிலத்தில் களை எடுக்க, கடலை ஆய வந்துகொண்டிருப்பவள். அவளுடைய மாமியார் அதே வீட்டின் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளியவள். முதல் நாள் மாடிப்படியில் இருவரும் முட்டிக்கொண்டபோது, ஆனந்தராஜ் கேட்பதற்கு முன்பே தென்னரசு, "நான் ஊர்ல சொல்ல மாட்டேண்ணா" என்றான். சொல்லவும் இல்லை. திண்டிவனத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உச்சரிப்பு சொல்லித்தருவான், டீ வாங்கினால் இரண்டாக வாங்குவான். ஊர்ப் பஸ்ஸில் ஏறியதும் தானாகப் பின்சீட்டுக்குப் போய்விடுவான். அப்படிப் போகச் சொல்லி ஆனந்தராஜ் ஒருநாளும் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை.

இன்டர்வியூ பொம்மையார்பாளையத்தில், கடலோர விடுதி ஒன்றில் நடந்தது. ராயப்பன் சார் எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார். ஓட்டல் சார்பில் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, வாயில் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் இல்லை. முந்தின நாள் ஆட்கள் தங்கிவிட்டுப்போன அறைகள், அப்படியே கலைந்து கிடந்தன. ஓர் அறைக்கு இரண்டு பேர். ஒருவர் படுக்கை, ஒருவர் பாத்ரூம். யார் எது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள், நான் ஒவ்வோர் அறையாக வருவேன், ஓர் அறையில் ஒருவரைத்தான் எடுப்பேன் என்றார் அவர். ஆனந்தராஜுக்கும் தென்னரசுவுக்கும் ஒரே அறை விழுந்தது.

பாத்ரூம் கதவைத் திறந்ததும் ஆனந்தராஜ் பின்வாங்கினான். குழந்தையோடு தங்கியிருந்தவர்கள் போல. நாற்காலியைத் தேய்த்துப் பழகியவனுக்கு நிஜம் மூக்கில் அடித்தது. அவன் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"டேய், நீ அதப் பாத்துக்க."

திண்டிவனத்தில் இத்தனை நாளும் தம்பி என்று கூப்பிட்ட வாய். குரல் அச்சு அசலாக அப்பா பாண்டுரங்கனுடையது. தென்னரசு அவனை ஒருமுறை பார்த்தான். பிறகு பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, "செரிண்ணா. படுக்கைய நல்லா இழுத்து சொருவுங்க" என்று உள்ளே போனான்.

படுக்கை சுலபம் என்றுதான் ஆனந்தராஜ் நினைத்தான். வார்த்தை எல்லாம் மனப்பாடம். ஆனால் விரிப்பின் ஒரு பக்கத்தைச் சொருகினால் மறுபக்கம் உருவிக்கொண்டது. நடுவில் மடிப்பு விழுந்தது. அதை நீவினால் ஓரத்துக்கு ஓடியது. பாத்ரூமிலிருந்து பிரஷ் தேய்க்கும் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இவன் வியர்த்துக்கொட்டி, ஒருவழியாகப் போர்வையை மேலே போட்டு மூடினான். தென்னரசு வெளியே வந்து, "கண்ணாடிக்கி காஞ்ச துணி வேணும்ணா, ஜல்தியா வந்துர்றேன்" என்று கீழே ஓடினான்.

எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆனந்தராஜ் பாத்ரூமுக்குள் போனான். சத்தியமாக அதற்குத்தான். தரை காய்ந்து வெளுத்திருந்தது. குழாயில் அவன் முகம் தெரிந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் வெள்ளைச் சட்டைக்காரர் நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

நீதான் செய்தாயா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டும். அந்த வார்த்தை அவனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"யெஸ் சார்."

அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. ஐ ஸ்க்ரப்ட் தி பௌல் சார், ஐ ரின்ஸ்ட் தி ஃப்ளோர் சார், ஐ வைப்ட் தி டேப் சார் என்று வரிசையாக வந்தது. ஒரு பிழை இல்லை, ஒரு திக்கல் இல்லை. மாடியில் வெட்கத்தில் மாட்டிக்கொண்ட சத்தமெல்லாம் இங்கே கணீரென்று வந்தது. அவர் தலையாட்டி அவன் தோளைத் தட்டினார். அறைக்குள் வந்து போர்வையைத் தூக்கினார். கீழே விரிப்பு சுருண்டு கிடந்தது. அந்த நேரம் பார்த்துத் தென்னரசு கையில் துணியோடு வாசலில் வந்து நின்றான்.

படுக்கை உன்னுடையதா என்று அவனைக் கேட்டார்.

தென்னரசு ஆனந்தராஜைப் பார்த்தான். சொல்வதானால் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆனந்தராஜ் சன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தான். அன்றைக்கென்று அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. "சாரி சார்" என்று தென்னரசுவின் குரல் கேட்டது.

திரும்பும் வழியில் வேனில் ஒரே கூச்சல். எடுபட்டவர்கள் ராயப்பன் சாருக்குப் பொன்னாடை போர்த்துவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கூச்சப்பட்டுக்கினு இருந்தவன் ஜெயிச்சிட்டான் பாரு" என்று சார் ஆனந்தராஜின் முதுகில் அடித்தார். தென்னரசு சன்னலோரம் இருந்தான். இரும்பை ஊருக்குப் போகும் பாதை தாண்டும்போது ஆனந்தராஜ் மெல்ல, "தம்பி, அவுரு திடீர்னு வந்து கேட்டுட்டாரா, எனக்கு ஒண்ணும் புரியல" என்றான்.

"வுடுங்கண்ணா."

"நான் வேணும்னு..."

"கண்ணாடி மட்டும் நான் தொடைக்கல. அதையும் தொடச்சன்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான் தென்னரசு. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டான். ஆனந்தராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மறுநாள் நிலத்தில் கடலை ஆய்கிற வேலை. மழையை நம்பிப் போட்டது, ஏதோ கொஞ்சம் தேறியிருந்தது. பிடுங்கிப்போட்ட செடிகளைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய்களைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு லட்சுமியம்மாள். வீட்டில் நேற்று சாயங்காலமே கேசரி கிளறி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, சூப்பர்வைசரின் அம்மா ஆகியிருந்தாள். ஆனந்தராஜ் வரப்பில் வந்தபோது ஜெயம் தலையை நிமிர்த்தினாள்.

"வா பா. கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோசம். எம்மவன்தான் சொன்னான்."

லட்சுமியம்மாள் பெருமையாக, "இன்னாடி சொன்னான்?" என்று கேட்டாள்.

"அண்ணன் கக்கூஸ கழுவனாரு பாரும்மா, அப்பிடி பளபளன்னு கழுவனாரு, எங்கியும் அதுமாதிரி பாத்ததில்ல, வந்தவரே அசந்துட்டாருன்னான். கேட்டதுக்கெல்லாம் இங்கிலீஷ்லியே சொன்னாராமே. இவனுக்குத்தான் படுக்கைய விரிக்க வாய்க்கலியாம், வாணான்ட்டாங்களாம். விடிய முன்னாடியே பெயிண்ட் அடிக்கிற வேலைக்கி புதுச்சேரி போய்ட்டான்."

காய் பறிக்கும் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெயத்தின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று ஆனந்தராஜ் தேடினான். வெயிலுக்கு முக்காடு போட்டிருந்தாள், கண் மட்டும் தெரிந்தது. மகன் எதைச் சொன்னான், எதை விட்டான் என்று அந்தக் கண்ணில் படிக்க முடியவில்லை.

"இன்னாடா சொல்றா இவ?" லட்சுமியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "பாண்டுரங்கன் புள்ள கக்கூஸ் கழுவனியா?"

டீ கொண்டுவந்த பானுப்ரியா வரப்பிலேயே நின்றிருந்தாள். அவளும் கேட்டுவிட்டாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நான் கழுவவில்லை, தென்னரசுதான் கழுவினான் என்று சொல்லலாம். சொன்னால் அம்மா உட்கார்ந்துவிடுவாள், மானம் திரும்ப வந்துவிடும். அப்புறம் இந்த ஜெயம் நிமிர்ந்து பார்ப்பாள். தன் மகன் கழுவியதற்கு இவனுக்கு எப்படி வேலை கிடைத்தது என்று கேட்பாள், அல்லது கேட்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். செய்யாத வேலைக்குக் கூசுவதா, செய்த காரியத்துக்குக் கூசுவதா என்று அவன் நின்றான். காதுமடல் எரிந்தது.

"ஆமா" என்றான். "நாந்தான் கழுவனேன்."

"தூ" என்றாள் அம்மா. தலையில் அடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஜெயம் குனிந்து அடுத்த செடியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மற்ற கைகளும் மெல்ல வேலையைத் தொடங்கின. ஆனந்தராஜ் வட்டத்தில் இருந்த இடைவெளியில் அப்படியே உட்கார்ந்து ஒரு செடியை எடுத்தான்.

பானுப்ரியா கூடையை இறக்கி வைத்தாள். அதில் ஆட்களுக்குக் காகிதக் கப்புகள் ஒரு கொத்தாக இருந்தன; அவனுக்கென்று எப்போதும் வரும் எவர்சில்வர் டம்ளர் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. வட்டத்தின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவருக்காக ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஜெயத்துக்குக் கொடுத்தாள். அடுத்து அவன். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கொத்திலிருந்து இன்னொரு காகிதக் கப்பை உருவி, டீயை ஊற்றி, அவனுக்கு முன்னால் மண்ணில் வைத்துவிட்டு அடுத்தவளிடம் நகர்ந்தாள்.