அக்காவின் வலது பக்கம்

காது பரிசோதிப்பது என் தொழில். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் சத்தம் புகாத ஒரு சின்ன அறை. உள்ளே நாற்காலி, ஹெட்போன், ஒரு பொத்தான். நான் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து ஒலியை அனுப்புவேன். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். என் பக்கம் விளக்கு எரியும். ஒலியே அனுப்பாதபோதும் அழுத்துகிறவர்கள் உண்டு. பாவம், பொய் சொல்வதில்லை. கேட்க வேண்டும் என்ற ஆசையிலேயே அவர்களுக்குக் கேட்டுவிடுகிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே அந்த அறைக்குள் போய்க் கண்ணை மூடி உட்காருவேன். நாலு வருஷமாக இப்படித்தான். மனது அமைதியாகிவிட்டதா என்று நிமிஷத்துக்கொரு தரம் பார்ப்பேன். பல் பிடுங்கியபின் மரத்துப்போன ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல. வலியும் இல்லை, சுகமும் இல்லை.

மனது காரணம் இல்லாமல் மரக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மன அமைதி வேண்டும் என்று நான் பத்து நாள் மௌன முகாமுக்குப் போனேன். அக்கா தடுக்கவில்லை. முகாமில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏழாவது நாள் அம்மா போய்விட்டாள். பத்தாவது நாள், முகமெல்லாம் சாந்தம் வழிய, நான் வந்து சேர்ந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

அம்மாவின் காலிக் கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சிடுக்கா" என்றேன். குரல் எழும்பவில்லை, முணுமுணுப்பாகத்தான் வந்தது. அவள் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் "நல்லா இருக்கியா", "நல்லா இருக்கேன்" மட்டும்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு நிம்மதி வந்துவிடும் என்று காத்திருந்தேன். சொல்லாததற்கு அவள்மேல் கோபம் வேறு. என் ரோஷத்துக்கு என்ன குறைச்சல்!

போன வாரம் அவளே வந்து நின்றாள்.

"டிவியை அலற விடுறேனாம். உங்க மாமா ஒரே சண்டை. காதைப் பாருடா."

உள்ளே உட்கார வைத்தேன். வலது காது கொஞ்சம்தான் மந்தம். அது குறுக்கே கேட்டுவிடாதபடி அதில் இரைச்சலைப் போட்டு மூடிவிட்டு, இடது காதுக்கு ஒலி அனுப்பினேன். விளக்கு எரியவில்லை. கூட்டினேன். மெஷினின் உச்சம்வரை போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை.

கதவைத் திறந்து உள்ளே போனேன்.

"இடது காது எப்போலேர்ந்துக்கா கேக்கல?"

"ஆறு வயசுல தாடை வீங்கிக் காய்ச்சல் வந்துச்சு, அதோட போச்சு. உனக்கு அப்ப விவரம் தெரியாது. ஒரு காது போதும்னு விட்டுட்டேன்."

"வீட்ல யாருக்கும் தெரியாதா?"

"அம்மாவுக்குத் தெரியும். நான் சொல்லல, அவங்களா கண்டுபிடிச்சாங்க. அப்புறம் எப்பவும் வலது பக்கம் வந்துதான் பேசுவாங்க."

நாற்பது வருஷமாகத் தம்பி. இருபது வருஷமாக ஊர்க் காதையெல்லாம் பார்க்கிறவன். அன்று கட்டிலில் நான் உட்கார்ந்தது அவளுடைய இடது பக்கம். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்து கிடந்தது. வெட்கமாக இருந்தது.

"அம்மா போனப்ப உன் பக்கத்துல உக்காந்து ஒண்ணு சொன்னேன்க்கா."

"என்னடா சொன்ன?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மன்னித்துவிடுவாள், முகத்திலேயே தெரிந்தது. எனக்கு நிம்மதி. எனக்கு, எனக்கு. நாலு வருஷமாக, வராத ஒலிக்கு நான் அழுத்திக்கொண்டிருந்த பொத்தான் அதுதான்.

ஸ்டூலை இழுத்து அவளுடைய வலது பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

"அதை அப்புறம் சொல்றேன். அந்த ஏழு நாள் உனக்கு எப்படிக்கா இருந்துச்சு? தனியா இருந்தியே."

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு பேசினாள். ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்த டாக்டர்கள் இடது பக்கம் நின்று சொன்னதெல்லாம் விளங்காமல், ஒவ்வொரு முறையும் நர்ஸிடம் ஓடிப்போய்க் கேட்டதைச் சொன்னாள். ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடாததைச் சொன்னாள்.

"கடைசி நாள் அம்மா உன்னைக் கேட்டாங்க. 'கண்ணை மூடி அமைதியா உக்காந்திருக்கான்மா, கூப்பிட வழியில்ல'ன்னேன். 'இருக்கட்டும், எழுப்பாத'ன்னாங்க."

மரத்த இடம் வலித்தது. மனது அமைதியாகிவிட்டதா என்று பார்க்க எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்புறம்?" என்றேன்.