சூடு பார்த்த உதடு

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். அவள் வேலை பார்ப்பதென்னவோ கண்ணாடிக் கடையில். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவதும் திருகு முடுக்குவதும்தான் தொழில். ஆனால் மகள் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. குட்டிக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிறு கொஞ்சம் பொருமுகிற கதையில்லை. துளி பட்டாலும் உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் இன்ஸ்பெக்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகக் கொடுத்த பிஸ்கட்டை, உறையைப் படித்துவிட்டு முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தாள். வகுப்பு ஆசிரியையை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டாள். கணவன் வெளியில்கூட வேர்க்கடலையைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அவனும் பாவம், தொட்டதில்லை.

தொட்டது அவள்தான். வறுத்த வேர்க்கடலை என்றால் அவளுக்கு உயிர். கடையின் பின்னறையில், விற்காத ஃபிரேம்களைப் போட்டு வைத்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். கடை சாத்தும் முன் திருட்டுப் பூனை மாதிரி நின்றுகொண்டே தின்பாள். பிறகு கை கழுவி, பல் தேய்த்து, வாய் கொப்பளித்து, யோக்கியமாக வீட்டுக்குப் போவாள். பல் துலக்க ஒரு பிரஷ் அங்கேயே வைத்திருந்தாள் என்றால் பாருங்கள்.

குட்டியின் பிறந்தநாளன்று தின்று முடித்த சமயத்தில் ஒருவர் காலொடிந்த கண்ணாடியோடு வந்து நின்றார். அதைச் சரிசெய்து கொடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஒரு நாள் பல் தேய்க்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று ஓடிப்போய் ஏறிவிட்டாள்.

வீட்டில் நாத்தனார் கேக்கோடு காத்திருந்தாள். கணவனின் தங்கை, கல்யாணமாகாதவள், குட்டி என்றால் அவளுக்கு வேறு உலகமே கிடையாது. இந்தக் கேக்குக்காகவே மாவைத் தனியாக வாங்கி, தட்டுகளை வெந்நீரில் போட்டெடுத்துச் செய்திருந்தாள். கேக்கை வெட்டினார்கள், குட்டி ஒரு துண்டு தின்றாள், அத்தை கிளம்பிப் போனாள். அப்புறம் இன்ஸ்பெக்டர் காய்கறி சூப்பைச் சுட வைத்து மகளுக்கு ஊட்டினாள். ஒவ்வொரு கரண்டியையும் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் ஊட்டுவாள். குழந்தை பிறந்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

கிண்ணம் காலியாவதற்குள் குட்டியின் உதடு தடித்தது. வீட்டில் தயாராக இருந்த ஊசியைத் தொடையில் போட்டு, அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சேதி கேட்டு நாத்தனாரும் பதறியடித்துக்கொண்டு வந்தாள். வராண்டாவில் அத்தனை பேர் முன்னாலும் இன்ஸ்பெக்டர் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குல என்னத்தடி போட்ட? எம்புள்ளைய கொல்லப் பாத்தியா?"

"இல்ல அண்ணி, சத்தியமா நான் எல்லாத்தையும் பாத்துப் பாத்துத்தான்..."

"பேசாத. இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத" என்றான் அண்ணன்.

அவள் அழுதுகொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து, குழந்தைக்கு ஆபத்தில்லை, ராத்திரி மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைவாய்ப் பல்லின் இடுக்கில் என்னமோ உறுத்தியது. நாக்கால் நெருடினாள். ஒரு வேர்க்கடலைத் துணுக்கு.

எல்லாம் விளங்கிவிட்டது. துப்பினால் கணவன் பார்த்துவிடுவான் என்று அதை விழுங்கினாள். அந்த நேரத்திலும் தன் மானம்தான் பெரிதாகப் பட்டது என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரே வந்தாள். உள்ளே வராமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். இந்த ஒரு வாரத்தில் ஆளே பாதியாகிவிட்டிருந்தாள்.

"தட்டு, கிண்ணம், கரண்டி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன் அண்ணி. எதுல ஒட்டிட்டு இருந்துச்சுன்னு தெரியல. இனிமே அவளுக்கு ஒண்ணுமே செய்ய மாட்டேன். தூர நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே."

"பாத்ததெல்லாம் போதும்" என்று அண்ணன் கதவைச் சாத்தினான்.

இன்ஸ்பெக்டர் அடுப்படிக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்தாள். வழக்கம்போல் கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோனபோது குட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே சூடு பாத்துக்கறேன்மா."

"ஏன்டா செல்லம்?"

குட்டி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அம்மாவின் காதோடு சொன்னாள்.

"அன்னிக்கு உன் வாயில கடலை வாசன வந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னையும் வரக்கூடாதுன்னு சொல்லிடுவாரே அப்பா."

அம்மாவைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பொடிசு, தனக்கு அத்தனை பிரியமான அத்தையை விட்டுக் கொடுத்திருக்கிறது. தான் மென்று விழுங்கியதை இந்தப் பிஞ்சும் சேர்ந்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

"ஏங்க, உங்க தங்கச்சி இன்னும் பஸ் ஸ்டாப்புலதான் நிப்பா. போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள். "அந்தக் கேக்குல ஒண்ணும் இல்ல."

அவன் திரும்பினான். "உனக்கெப்படித் தெரியும்?"

அவள் பதில் சொல்லுமுன் குட்டி எட்டி அம்மாவின் வாயைப் பொத்தினாள். சோறு அப்பிய சின்னக் கை, பலம்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. அதை மெல்ல விலக்கிவிட்டு, கணவனின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.