கால்வாயைக் காலி செய்தவர்

சனிக்கிழமைக்குள் அம்மா ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வீட்டை விற்றுவிட்டு, ரயில் பெட்டியின் நடைபாதையை மட்டும் வெட்டித் தண்ணீரில் விட்டது போன்ற ஒரு படகை வாங்கி, மீதிக் காலத்தைக் கால்வாயிலேயே கழிப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஒத்திகைக்கு ஒரு வாரம் வாடகைப் படகு.

அம்மா சரி என்றால் அவருடைய காய்கறிப் பாத்தியும் போய்விடும். நகராட்சி வாடகைக்கு விடும் நிலத்துக்குப் பெயரைக் கொடுத்து, நான் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து காத்திருந்து, நான் கல்லூரிக்குப் போன பிறகு கிடைத்த பாத்தி அது. என் அறையும் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்பதால் நானும் கூடப் போனேன்.

எங்கள் கால்வாய்களில் ஆண் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண் கரையில் குதித்து மதகு மதகாகத் திறப்பார். யாரும் சட்டம் போடவில்லை. எதிரே வருகிற எல்லாப் படகிலும் அப்படித்தான். ஆண்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். பெண்கள் கதவுக் கட்டையை முதுகால் தள்ளியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். என் வேலை கயிற்றைப் பிடிப்பது. ஒரு கம்பமே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கம்பத்துக்குக் குளிராது.

வியாழக்கிழமை டார்டபிக் மேட்டில் ஏறினோம். அங்கே மதகுகள் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் இரு முனையிலும் கதவுள்ள தொட்டி; கீழ்க் கதவின் ஷட்டரை இறக்கி, மேல் கதவின் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் நிறைந்து படகு ஏறும். மழையும் வந்துகொண்டே இருந்தது. பாதி மேட்டில் அம்மா, ஷட்டரைச் சுழற்றித் தூக்கும் இரும்புக் கைப்பிடியைப் படகின் கூரைமேல் வைத்தார்.

"கிளிஃப், என் முதுகு போச்சு. நான் ஓட்டறேன், நீ இறங்கு."

"உனக்குச் சுக்கான் பழக்கமில்லையே லொரைன். இது தள்ளற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாத் திரும்பும்."

"நீயும் அப்படித்தான். எனக்குப் பழக்கம்தான்."

அப்பா இறங்கினார். வாரம் முழுக்க அப்பா ஒரு சுவர் விடாமல் முட்டிய படகு, அம்மா கையில் எதையும் தொடாமல் மதகுக்குள் போய் நின்றது. அப்பா அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். இறங்கியதிலிருந்து மூன்றாவது மதகில் அவருடைய முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. மேல் ஷட்டரைத் தூக்கிவிட்டு, கதவுக் கட்டையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கீழ் ஷட்டரை அவர் இறக்கவே இல்லை. மேலிருந்து வந்த தண்ணீர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"கிளிஃப், ஏறவே மாட்டேங்குது," என்று அம்மாவின் குரல் ஆழத்திலிருந்து வந்தது.

"மெதுவாத்தான் ஏறும். கோடைல வரத்து கம்மி," என்றார் அப்பா, மழையில் நனைந்துகொண்டே.

வெகுநேரம் கழித்து மேலேயிருந்து ஒரு பெண்மணி குளியல் அங்கியோடு, குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். எங்க தண்ணி உங்ககிட்ட இருக்கான்னு பாக்க வந்தேன்."

"எந்தத் தண்ணி?"

"கால்வாய்ல இருந்தது."

அப்பா கீழ் ஷட்டரைப் பார்த்தார். "ஐயோ. மன்னிச்சுக்கங்க."

"பரவால்ல, பரவால்ல. முட்டை பொரிச்சிட்டிருந்தோம். படகு சேத்துல சாஞ்சதும் சட்டி தானா நகந்துடுச்சு. முட்டை எங்க வீட்டுக்காரர் மடியில."

"மன்னிக்கணும்."

"அவரும் மன்னிப்புக் கேட்டாரு."

"யார்கிட்ட?"

"முட்டைகிட்டன்னு நினைக்கிறேன்."

மதகுகளுக்கு நடுவே, கட்டக் கூடாத இடத்தில் படகைக் கட்டி வைத்ததற்காக அந்தப் பெண்மணியும் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பிறகு அப்பா கீழ் ஷட்டரை இறக்கிவிட்டு, மேட்டின் உச்சிவரை நடந்து, ஒவ்வொரு மதகாகத் திறந்து தண்ணீரைக் கீழே கொண்டுவந்தார். அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அம்மா பாசி பிடித்த சுவர்களுக்கு நடுவே தேநீர் போட்டு, பிஸ்கட்டை நனைத்துத் தின்றார். அந்த வாரத்தில் அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

மாலையில் உச்சியில் படகைக் கட்டினோம். அப்பா காலணியைக் கழற்றாமல், கொப்புளம் கண்ட உள்ளங்கைகள் மேலே பார்க்கப் படுத்திருந்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? எனக்குப் புடிச்சிருக்கு கிளிஃப். வாங்கிடலாம்," என்றார் அம்மா. "நான் ஓட்டறேன், நீ மதகைப் பாத்துக்க."

அப்பா கூரையைப் பார்த்தார். அது மூக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"எதை வாங்கறது?"

"படகு."

"எந்தப் படகு லொரைன்?"

அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "பக்கத்து வீட்டுக்குப் போன் போடுப்பா," என்றார். "பாத்தியில பீன்ஸ் பறிச்சாங்களான்னு கேளு. முத்திடப் போகுது."

நான் போனை எடுத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "தக்காளியையும் கேளு," என்றார்.